மழலையர் ஆசிரியராக எதைப் படிப்பது? முன்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்புடன் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்திருக்கிறேன். வயது 18. அம்மா அங்கன்வாடி உதவியாளர். விடுமுறை நாள்களில் அம்மாவுடன் மையத்துக்குப் போய்ப் பழகியதால் சிறு குழந்தைகளுடன் வேலை செய்யவே விரும்புகிறேன். ‘ஏதாவது ஒரு டிகிரியை முடித்துவிட்டு பி.எட். படி, எல்லா வகுப்புக்கும் அதுவே போதும்’ என்கிறார் அப்பா. டவுனில் ஒரு தனியார் மையம் ஓராண்டு மாண்டிசோரி பயிற்சி தருகிறது. கட்டணம் 45,000 ரூபாய், வேலை நிச்சயம் என்கிறார்கள்; 10,000 ரூபாய் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யச் சொல்கிறார்கள். உறவினர்களோ, ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரிப் படிப்பு எதற்கு’ என்று கேட்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. நான் என்ன படிக்கட்டும்?”

அன்புள்ள வாசகிக்கு,

முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். அந்த மையம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் எங்கே வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பது முடிவாகாத நிலையில் எந்தப் படிப்புக்கும் பணம் கட்டுவது முறையாகாது. நம் மாநிலத்தில் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வேலை ஒரே துறையின் கீழ் இல்லை. அங்கன்வாடி சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையிடம் இருக்கிறது, முதல் வகுப்பு பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது, நர்சரிப் பள்ளிகளில் பெரும்பாலானவை தனியாரிடம் இருக்கின்றன. ஒவ்வோர் இடமும் கேட்கும் தகுதி வேறு. மனையியல் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்திய ஆண்டுகளில் நான் மிகுதியாகக் கண்ட வருத்தம் இதுதான்: கையில் இருக்கும் சான்றிதழும் போக விரும்பிய வேலையும் பொருந்தாமல் போய், மறுபடியும் இரண்டாண்டு படிக்க நேர்ந்த பெண்கள்.

உங்கள் தாயார் வேலை செய்யும் அங்கன்வாடியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கன்வாடிப் பணியாளர் பணிக்கு அண்மையில் தமிழகத்தில் வெளியான அறிவிப்புகளில் கல்வித் தகுதி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி மட்டுமே. ஆக, கல்வித் தகுதி உங்களிடம் இப்போதே இருக்கிறது. ஆனால் வயது 25 நிரம்பியிருக்க வேண்டும், பொதுவாக 35-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, மையம் இருக்கும் ஊரிலோ அருகிலோ வசிப்பவராக இருக்க வேண்டும். ஊதியம் முதல் 12 மாதங்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன் பிறகு 7,700 முதல் 24,200 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியம். ஆகவே இந்த வாசல் உங்களுக்குத் திறக்க இன்னும் ஏழாண்டுகள் இருக்கின்றன. இந்த ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டிய காலம் என்று எண்ணாதீர்கள். ஒரு பட்டத்தையும் தேவைப்பட்டால் ஒரு பட்டயத்தையும் முடித்துச் சில ஆண்டுகள் வேலையும் பார்க்க இந்தக் காலம் போதும்.

அங்கன்வாடியில் பணியாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்பவர்கள் உண்டு. அதற்கு மேலே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவி இருக்கிறது. அது டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படும்போது மனையியல், ஊட்டச்சத்து போன்ற பட்டங்கள் கேட்கப்படுவது வழக்கம். தாயார் உதவியாளராக இருக்கும் வீட்டில், இந்த ஏணியின் மேல்படிகளைப் பற்றிப் பேச்சே எழாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பணியாளர் வேலை வரை யோசிப்பவர்கள் அலுவலர் வேலைக்கான பட்டத்தைப் பற்றி யோசிப்பதில்லை. நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை விரித்து எழுதுகிறேன்.

அடுத்து உங்கள் தந்தையாரின் யோசனை. ‘பி.எட். எல்லா வகுப்புக்கும் போதும்’ என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியது. அதற்குக் காரணமும் உண்டு: 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., வெளியிட்ட ஓர் அறிவிக்கை பி.எட். படித்தவர்களையும் முதல் ஐந்து வகுப்புகளுக்கான ஆசிரியர் பணிக்குத் தகுதியாக்கியது. ஆனால் 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி பி.எட். பாடத்திட்டத்தில் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியராக வேண்டுமானால், தொடக்கக் கல்விப் பட்டயமே உரிய வழி. டி.எல்.எட். என்று இப்போதும், டி.டி.எட். என்று முன்பும் அழைக்கப்படும் ஈராண்டுப் படிப்பு அது. அதை முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். அதன் பிறகு, 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி, அரசுப் பள்ளி நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில், அதாவது டயட்களில், இந்தப் பட்டயத்தைக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். தந்தையாரிடம் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்கள் நன்மைக்காகவே அவர் சொல்கிறார், ஆனால் சட்டநிலை மாறிவிட்டது.

ஆனால் டி.எல்.எட். படிப்பின் மையம் முதல் வகுப்பில் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். மூன்று வயதுக் குழந்தையும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே பயிற்சிக்குள் அடங்குவதில்லை. இதை நம் மாநிலமே அனுபவத்தில் கண்டது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, தொடக்கப் பள்ளிகளின் இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றார்கள். 2022-இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்பினார்கள். அந்த வகுப்புகளை நிறுத்துவதா தொடர்வதா என்ற குழப்பத்துக்குப் பின், சொற்பமான தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் தொடர்ந்தன. மழலையர் கல்விக்கென்று பயிற்சி பெற்ற, முறையான பதவி கொண்ட ஓர் ஆசிரியர் அணி இல்லாததன் விளைவு அது என்பது என் கருத்து. இந்தத் துறைக்கு வருகிற நீங்கள் அந்தக் குறையை அறிந்தே வர வேண்டும்.

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே ஒரு தகுதி இல்லாமல் இல்லை. என்.சி.டி.இ.-யின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முன்பருவப் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாகப் பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணையும், ஈராண்டுக்குக் குறையாத முன்பருவக் கல்விப் பட்டயத்தையும் குறிப்பிடுகின்றன, வழக்கமான பி.எட். அல்லாமல், நர்சரிக்கென்றே உள்ள பி.எட். பெற்றவர்களும் தகுதியுடையவர்களே. இங்கே ‘ஈராண்டுக்குக் குறையாத’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் பணம் கேட்கும் மையத்தின் படிப்பு ஓராண்டு. அது எவ்வளவு நன்றாக நடந்தாலும், இந்த விதியின் கண்ணில் அது தகுதியாகாது. இக்னோ பல்கலைக்கழகம் நடத்தும் குழந்தைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயத்தையும் ஓராண்டிலேயே முடிக்கலாம். பாடநூல்கள் நன்றாக எழுதப்பட்டவை, அங்கன்வாடியிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கு அறிவைப் பெருக்கிக்கொள்ள மிகவும் உதவும். ஆனால் நாளைக்கு விதி கடுமையாகும்போது ஆசிரியர் தகுதிக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

விதி கடுமையாகும் என்று நான் ஏன் எதிர்பார்க்கிறேன்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மூன்று முதல் ஆறு வயதினருக்கான முன்பருவக் கல்வியை அரசின் விருப்பத்துக்கு விட்டது. அதன் 11-ஆம் பிரிவு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்ற அளவிலேயே நிற்கிறது. அதனால்தான் இன்று சிறிய நர்சரிகளில் யார் வேண்டுமானாலும் ஆசிரியராக நிற்கும் நிலை. ஆனால் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே அடித்தள நிலையாக வகுத்தது. 2022 அக்டோபரில் அந்த நிலைக்கென்று, எதை எப்படிக் கற்பிப்பது என்று வகுக்கும் தனிக் கலைத்திட்டச் சட்டகமும் வெளிவந்தது. அந்தக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை; தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. எனவே இங்கே மாற்றம் எந்த வடிவில், எந்த வேகத்தில் வரும் என்று உறுதி கூற யாராலும் இயலாது. கொள்கை விவாதம் எப்படி முடிந்தாலும், பயிற்சி பெறாதவர்களிடம் மழலையரை ஒப்படைப்பதை எந்தத் தரப்பும் ஆதரிக்கப் போவதில்லை.

நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வின் வழியே சேர்வது, அடித்தள நிலைக்கென்று ஒரு பிரிவும் உடையது. 2023-24 கல்வியாண்டில்தான் தொடங்கியது, மிகச் சில நிறுவனங்களில்தான் நடக்கிறது. வீட்டை விட்டுத் தொலைவு சென்று படிக்கத் தயாராக இருந்தால் விசாரியுங்கள். இல்லையென்றால் அதற்காக ஓராண்டை வீணாக்க வேண்டாம்.

மாண்டிசோரி என்ற பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை கருவிகளைக் கையாண்டு தானாகவே கற்கும் முறையை வகுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பயிற்சி வகுப்பு நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். ஆக, உங்கள் மாவட்டத்துக்கே அந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அவருடைய முறையை முறையாகக் கற்பிக்கும் பயிற்சிகளில் ஒவ்வொரு கருவியையும் கையாளும் விதத்தை மாணவரே விரிவாக எழுதித் தொகுக்க வேண்டும். பல மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். வாய்மொழித் தேர்வும் எழுத்துத் தேர்வும் இருக்கும். அதற்கு நல்ல மதிப்பு உண்டு, அந்த முறையில் நடக்கும் பள்ளிகள் அதையே கேட்கும். ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படாத நிலைதான் இங்கே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், குளிரூட்டிய அறையில் சார்ட் ஒட்டவும் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்துவிட்டு அதே பெயரில் சான்றிதழ் தருகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் ‘வேலை நிச்சயம்’ பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஏனென்றால் சிறிய நர்சரிகளில் ஆசிரியர்கள் நிலைத்து நிற்பதில்லை, எப்போதும் ஆள் தேவை. எந்தச் சம்பளத்துக்கு, எத்தனை குழந்தைகளுக்கு ஒருவராக என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

உங்கள் உறவினர்களின் கேள்வியை நான் ஏளனமாகக் கருதவில்லை. நம் பாட்டிகள் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகளை வளர்ப்பதும், இருபத்தைந்து வீடுகளிலிருந்து வந்த இருபத்தைந்து குழந்தைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நிற்கிறார் என்று கணிப்பதும் வேறு வேறு வேலைகள். பயிற்சி எதைக் கற்றுத் தருகிறது என்று சொன்னால்தான் இது விளங்கும்.

ஒரு நல்ல பயிற்சியில் முதலில் கற்பது கவனித்து எழுதுவதை. முதலாமாண்டு மாணவி, “அவன் சோகமாக இருந்தான்” என்று எழுதிக்கொண்டு வருவார். அதை நாங்கள் அடித்துத் திருப்பிக் கொடுப்போம். “புத்தகப் பையைக் கழற்றாமல், வாசலைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றான், பக்கத்தில் வந்த குழந்தை பந்தை நீட்டியபோது வாங்கவில்லை” என்று எழுத வேண்டும். முன்னது தீர்ப்பு, பின்னது பதிவு. இப்படி மூன்று மாதம் பதிவு எழுதிய மாணவிக்கு, ஒரு குழந்தை பேசாமல் இருப்பதற்குக் கூச்சம் காரணமா, காது கேளாமை காரணமா, வீட்டில் வேறு மொழி பேசுவது காரணமா என்று ஐயம் எழத் தொடங்கும். உங்கள் மாவட்டத்திலேயே சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக் குழந்தை ஜூன் மாதத்தில் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதை மந்தம் என்று முத்திரை குத்தும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி பெற்றவர் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார், குறைந்தபட்சம் அவ்வளவு எளிதாகச் செய்ய மாட்டார்.

எண் கற்பிப்பதும் இப்படித்தான். நான்கு வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து இருபது வரை ஒப்பித்தால் பெற்றோர் மகிழ்கிறார்கள். அதே குழந்தையின் முன் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொன்னால் ஒன்பது என்று சொல்லும். ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்ற பொருத்தம் இன்னும் அமையவில்லை. பொருத்தம் அமைந்த பிறகும், ஏழு கொட்டைகளை நெருக்கி ஒரு வரிசையாகவும் இன்னும் ஏழைத் தள்ளித் தள்ளி இன்னொரு வரிசையாகவும் வைத்துக் காட்டினால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று அந்தக் குழந்தை உறுதியாகச் சொல்லும். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தார். இதை அறிந்த ஆசிரியர் கூட்டல் கணக்கு நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பல்லாங்குழியை எடுப்பார். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகும் அந்த ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் கைவழியாகவே வந்துவிடும். அதே ஆசிரியர், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் அறையில் புளியங்கொட்டையையோ வேர்க்கடலையையோ வைக்க மாட்டார். தொண்டையிலோ மூச்சுக்குழலிலோ சிக்கும் என்பது அவருக்குத் தெரியும், சிக்கினால் அடுத்த நொடியில் என்ன செய்வது என்பதும் தெரியும். முதலுதவிப் பயிற்சி இல்லாத மழலையர் ஆசிரியர் படிப்பை நான் படிப்பாகவே கணக்கிடுவதில்லை.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்.கே.ஜி.யில் பக்கம் பக்கமாக ‘அ’ எழுதச் சொல்லும் பள்ளிகளில்தான் உங்களுக்கு வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்; பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள். விரலும் மணிக்கட்டும் உறுதிப்படாத மூன்றரை வயதில் பென்சிலைத் திணிப்பதற்குப் பதிலாக, களிமண் பிசைவதும் காகிதம் கிழிப்பதும் மணி கோப்பதும் எழுத்துக்கான தயாரிப்பே என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லும் துணிவும் சொல்வன்மையும் உங்களுக்குப் பயிற்சியில் வர வேண்டும். தமிழக அங்கன்வாடிகளுக்கான முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் தலைப்பே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றிருக்கிறது. தாயாரின் மையத்தில் அதன் செயல்பாட்டு நூல்கள் இருக்கும், இப்போதே வாங்கிப் படியுங்கள். கட்டணமில்லாத முதல் பாடம் அது.

இவற்றுடன், வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறிகளை அறிவதும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரியவந்தால் புகார் அளிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை என்பதை அறிவதும் பாடத்தில் இருக்க வேண்டும். குறைபாடுள்ள சிறு குழந்தைகளுடன் வேலை செய்ய ஈடுபாடு இருந்தால், அது தனித் துறை. அதற்கான படிப்புகளை அங்கீகரிப்பது இந்திய மறுவாழ்வுக் கழகம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பயின்றவர்களுக்குத் தேவை எப்போதும் அதிகம், ஆள்கள் குறைவு.

இனிப் பட்டப்படிப்பு. மனையியல் பட்டத்தில், குறிப்பாக மனித மேம்பாடு அல்லது குழந்தை வளர்ச்சியை முதன்மையாகக் கொண்ட பிரிவுகளில், மேலே சொன்ன பலவும் மூன்றாண்டுகளில் நிதானமாக வரும். மனையியல் கல்லூரிகள் தங்கள் வளாகத்திலேயே ஒரு நர்சரிப் பள்ளியை ஆய்வகமாக நடத்துவது பழைய வழக்கம். வேதியியல் மாணவி ஆய்வகத்துக்குப் போவதுபோல் இவர்கள் நர்சரிக்குப் போவார்கள். கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் மனையியல் துறை இருக்கிறது. இந்த ஆண்டு எந்தப் பிரிவுகளுக்குச் சேர்க்கை நடக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் படித்த பாடப்பிரிவு பொருந்துமா என்பதை நேரில் சென்று கேளுங்கள். இந்தப் பட்டம் மட்டுமே உங்களை ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக்காது என்பதையும் மறக்க வேண்டாம், அதற்கு டி.எல்.எட். வேண்டும். ஆனால் திட்ட அலுவலர் பதவி, தொண்டு நிறுவனங்கள், முதுகலை, பாடநூல் உருவாக்கம், நர்சரிப் பள்ளிப் பொறுப்பாளர் என்று அது திறக்கும் வழிகள் ஓராண்டுச் சான்றிதழுக்குத் திறக்காதவை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்வியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடியும் வரை கிடைக்கும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு அது ஏறத்தாழ 36,000 ரூபாய். அங்கீகாரமில்லாத தனியார் மையத்தில் சேர்ந்தால் இந்தத் தொகை வராது. அதற்கு மேல் 45,000 நீங்கள் கட்ட வேண்டும். ஊதியத்தைப் பொறுத்தவரை உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. சிறு நகரங்களில் பல தனியார் நர்சரிகளின் தொடக்கச் சம்பளம் ஐந்திலக்கத்தைத் தொடுவதில்லை. பெண்கள் செய்யும் வேலை, சின்னப் பிள்ளைகளோடு செய்யும் வேலை என்பதால் மட்டுமே இது இப்படி இருக்கிறது. வேலையின் கடினத்துக்கும் இந்த ஊதியத்துக்கும் தொடர்பில்லை. இதே வேலையில் பட்டமும் முறையான பயிற்சியும் உள்ளவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் ஒருங்கிணைப்பாளராகவோ பயிற்றுநராகவோ மாறிவிடுகிறார்கள். சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் அதே அறையில், அதே சம்பளத்தில் நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே என் யோசனை இது. குடும்பம் மூன்றாண்டு தாங்குமானால் மனையியல் அல்லது குழந்தை வளர்ச்சிப் பட்டத்தில் சேருங்கள். இருபத்தொரு வயதில் பட்டம் கையில் இருக்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பின் பக்கம் மனம் சென்றால் அதன் பிறகு டயட்டில் இரண்டாண்டு சேரலாம். அங்கன்வாடி வாசல் திறக்கும் இருபத்தைந்தாம் வயதில் நீங்கள் விண்ணப்பதாரர்களில் மிகத் தகுதியானவராக இருப்பீர்கள், அல்லது அதைவிட மேலான பதவிக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாண்டுக்குள் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால், என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற ஈராண்டு முன்பருவக் கல்விப் பட்டயம் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டயட்டில் டி.எல்.எட். சேருங்கள், பட்டத்தை வேலையோடு தொலைநிலையில் முடித்துக்கொள்ளலாம். ஓராண்டு மாண்டிசோரி பயிற்சியை, பட்டத்துக்குப் பின், அந்த முறையில் உண்மையாகவே ஈடுபாடு வந்தால், தரமான இடத்தில் செய்யுங்கள்.

எந்த நிறுவனமானாலும் சேருமுன் நேரில் சென்று சிலவற்றைக் கேளுங்கள். என்.சி.டி.இ. அங்கீகார ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் படிப்பின் பெயரும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் இருக்கும். குழுமத்தின் இணையதளத்தில் தென்மண்டல நிறுவனங்களின் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் பதிவு பெற்ற சங்கம் அல்லது அறக்கட்டளை என்பதும், அதற்கு ஐ.எஸ்.ஓ. சான்று உண்டு என்பதும் படிப்புக்கான அங்கீகாரம் ஆகா. இந்த இரண்டையும் காட்டித்தான் பலர் ஏமாற்றுகிறார்கள். பள்ளிப் பயிற்சி எத்தனை வாரம், எந்தப் பள்ளியில், யார் வந்து பார்வையிட்டுக் குறை நிறை எழுதுவார்கள் என்று கேளுங்கள். என்.சி.டி.இ. விதிப்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். “வராவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம்” என்று எங்காவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சென்ற ஆண்டு முடித்த மாணவியர் இருவரின் மாதிரிப் பதிவேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். அவை ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் இருந்தால் அங்கே எதுவும் கற்பிக்கப்படவில்லை என்று பொருள்.

கடைசியாக ஆங்கிலம். தனியார் நர்சரிகளின் நேர்முகத்தில் ஆங்கிலத்தில்தான் பேசச் சொல்வார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மழலையர் வகுப்பை நடத்தத் தேவைப்படும் ஆங்கிலம் சிறியது: கட்டளைகள், பாராட்டுகள், நிறம், வடிவம், உடல் உறுப்பு, உணவு, பத்துப் பதினைந்து பாடல்கள், ஐந்தாறு கதைகள், பெற்றோரிடம் சொல்லும் சில வாக்கியங்கள். கல்லூரியின் முதலாண்டில் அரைமணி நேரம் தினமும் வாய்விட்டுப் படித்தால் அது வந்துவிடும். சின்னப் படநூல்களைச் சத்தமாக வாசித்து, உங்கள் கைப்பேசியில் பதிவுசெய்து நீங்களே கேளுங்கள். அதைவிட முக்கியமாக, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழை விட்டுவிடாதீர்கள். வீட்டுமொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டுப் பழகிய குழந்தைதான் இரண்டாம் மொழியை எளிதில் பற்றிக்கொள்ளும். அதனால் தமிழில் கதை சொல்லத் தெரிந்த ஆசிரியரை நல்ல பள்ளிகள் தேடுகின்றன. நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களே தைத்த இரண்டு விரல் பொம்மைகளை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு கதையைச் சொல்லிக் காட்ட அனுமதி கேளுங்கள். மனையியல் சேர்க்கை விண்ணப்பத்துக்கு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவை வேண்டியிருக்கும். புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான விவரங்களும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் தேவை. வருமானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நாள்களில் அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும்.